மரமும் மேற்பூச்சும்: கீல் முதற் கமேசன் உப்பு வரை

புறத்தே வன்மையுடையனவற்றைப் புல்லென்றும் அகத்தே வன்மையுடையனவற்றை மரமென்றும் வகுத்துரைத்தார் தொல்காப்பியர். மரபியலிற் காணப்படும் இப்பாகுபாடு இலக்கணம் பயிலும் மாணவர் யாவர்க்கும் தெரிந்ததே. இதன்படி பனையும் தெங்கும் கமுகும் மூங்கிலும் புல்லினம். வேம்பும் தேக்கும் முதிரையும் மரவினம். யாழ்ப்பாணத்துத் தச்சன் இந்நூற்பாவைக் கல்லாதவனாயினும் அதன்வழியே நடப்பவன். பனையைப் பிளக்கும்போது நடுவிலுள்ள சோற்றியைக் களைந்து புறவைரத்தை வளைக்கும் சிலாகைக்கும் எடுத்துக்கொள்வான். வேம்பை அறுக்கும்போது வெளியிலுள்ள வெண்மரத்தைக் கழித்து உள்வைரத்தைப் பேணுவான். மரத்தைக் காக்கும் முதற்கலை மேற்பூச்சன்று, வைரத்தைத் தெரிந்தெடுத்தலே.

வைரம் என்பது உயிரணுக்கள் இறந்த பகுதி. அவை இறக்குமுன் அங்கே சேர்ந்த பிசினும் எண்ணெயும் துவர்ப்பொருள்களும் பங்கசுக்கும் செல்லுக்கும் பகையாய் நிற்கின்றன. வெண்மரத்திலோ அத்தகைய காப்பு எதுவுமில்லை. தேக்கின் வெண்மரங்கூட ஈரத்திற் கிடந்தால் உளுத்துப்போகும். ஆகவே, வைரமுள்ள மரம் வேண்டிய அளவு கிடைத்த நாடுகளிலே பூச்சுப்பற்றிய கவலை பெரிதாக எழவில்லை. குளிர்நாடுகளின் பைன் மரத்தையே நம்பி வீடும் கோயிலும் கலமும் அமைத்த மக்களே இவ்விடயத்திற் பேராசிரியராயினர். அவர்தம் அனுபவத்தையும், பின்னர் இரசாயன அறிஞர் அதனை மாற்றியமைத்த வரலாற்றையும், அம்மாற்றத்தில் இந்திய அறிஞர் ஒருவர் பெற்ற இடத்தையும் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

மரத்துக்குப் பகை மூன்று. முதலாவது வெயில். கதிரவன் ஒளியிலுள்ள ஊதாக்கடந்த கதிர்கள் மரநார்களைப் பிணைத்து நிற்கும் இலிக்னின் என்னும் பொருளைச் சிதைக்கின்றன. சிதைந்ததை மழை கழுவிச் செல்ல, எஞ்சிய செலுலோசு சாம்பனிறமாகத் தோன்றுகின்றது. பழைய வேலிக்கட்டைகளில் நாம் காணும் சாம்பனிறம் இதுவே. ஆயினும் இத்தேய்வு மிக மெல்லியது. மென்மரங்கள் திறந்த வெளியில் நூறாண்டுக்கு ஏறத்தாழ 6 மில்லிமீற்றரே இவ்வாறு தேய்கின்றன என அமெரிக்க ஆய்வாளர் கணித்துள்ளனர். இரண்டாவது பகை நீர். அது புகுந்து வெளியேறுந்தோறும் மரம் வீங்கியும் சுருங்கியும் வெடிக்கின்றது. மூன்றாவது உயிர்ப்பகை, பங்கசும் செல்லும் கடலிற் கப்பற்புழுவும் இதன்பாற்படும். மரத்தின் ஈரம் அதன் உலர்நிறையில் நூற்றுக்கு 20 பங்கின் கீழ் நிற்குமாயின் உளுக்கச்செய்யும் பங்கசு அதில் வளரமாட்டாது. எனவே வெயில் மரத்தை அழகிழக்கச் செய்வது. நீரும் உயிர்ப்பகையும் சேர்ந்தே அதனைக் கொல்வன. இவ்வேறுபாட்டை உணராது, நிறம் மங்குவதே அழிவென்றெண்ணிப் பூச்சைத் தேடுவோர் பலர்.

பூச்சுக்களுள் மிகப் பழையது கீல். நோவாவின் பேழைக்கு உள்ளும் புறமும் கீல் பூசும்படி கட்டளை பிறந்ததாக யூதரின் ஆதியாகமம் கூறும். உரோமர் கப்பல்களுக்குக் கீலும் மெழுகும் பூசினர். மார்க்கோ போலோ என்னும் வெனிசு நகரத்து வணிகர் 13ஆம் நூற்றாண்டின் இறுதியிலே கீழைக்கடல்களிற் பயணஞ்செய்தபோது, ஓர்முசுத் துறையிலே கயிற்றினாற் பிணைத்த கலங்களுக்குக் கீலின்றி மீனெண்ணெய் பூசப்பட்டதைக் கண்டார். இந்தியாவுக்கு வரும் பெருங்கலங்களுக்குச் சுண்ணாம்பையும் நறுக்கிய சணலையும் மரவெண்ணெயுடன் இடித்துக் கூட்டிய பசையைப் பூசினரென்றும் எழுதியுள்ளார். கீலில்லாத நாட்டார் அறிவற்றவர் என்பது அவர் கூற்றிலே தொனிக்கவில்லை. அப்பசை பிசின்போற் பற்றிக்கொள்ளும் என்றே பாராட்டுகின்றார். எமது கடற்கரைகளிலே வள்ளங்களுக்குச் சுறாவின் ஈரலெண்ணெய் பூசிய வழக்கம் இம்மரபைச் சார்ந்ததே. நாற்றம் ஒன்றே அதன் குறை.

இனி, கீலின் தாயகமாகிய வடநாடுகளுக்குச் செல்வோம். நோர்வே நாட்டிலே 12ஆம், 13ஆம் நூற்றாண்டுகளிலே முழுவதும் மரத்தால் எடுக்கப்பட்ட கிறித்தவ ஆலயங்கள் பல இருந்தன. அவற்றுள் 28 இன்றும் நிற்கின்றன. ஊர்னசு ஆலயமும் போர்குன் ஆலயமும் அவற்றுட் புகழ்பெற்றவை. முன்னையது 1979ஆம் ஆண்டிலே உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்கப்பட்டது. பனியும் மழையும் ஓயாத நாட்டிலே, பைன் மரத்தாலாகிய சுவர் எண்ணூறாண்டு நிற்பது எங்ஙனம்? காரணங்கள் இரண்டு கூறலாம். மரங்கள் ஈரமண்ணிற் படாதவாறு கல்லின்மீது கிடத்தப்பட்ட தூலங்களிலே தூண்கள் நாட்டப்பட்டமை ஒன்று. தூணை மண்ணிற் புதைத்துக் கட்டிய அதற்கு முந்திய ஆலயங்கள் யாவும் உளுத்து மறைந்தன. மற்றையது, தலைமுறை தலைமுறையாகத் தவறாது பூசப்பட்டு வந்த பைன் தார். சூடாக்கிய தாரைக் கோடைகாலத்து உலர்ந்த நாட்களிலே தூரிகையாற் பூசுவர். தென்புறச் சுவரிலே வெயில் தாரை உருக்கி வடியச் செய்வதால் அங்கே அடிக்கடி பூசவேண்டும். வடபுறத்திலோ பூச்சு நெடுங்காலம் நிற்கும். ஒரே கட்டடத்துக்கு ஒரே கால அளவு பொருந்தாதென்பதை அம்மக்கள் அக்காலத்திலேயே அறிந்திருந்தனர்.

இத்தார் செய்யும் தொழில் பெரிதும் வளர்ந்தது, அக்காலத்தே சுவீடன் அரசின் பகுதியாயிருந்த பின்லாந்திலே. நின்ற பைன் மரத்தின் பட்டையைச் சில ஆண்டுகளாகப் படிப்படியாக உரிப்பர். காயமுற்ற மரம் தன்னைக் காத்தற்பொருட்டுப் பிசினைச் சுரந்து நிறைக்கும். பின்னர் அதனை வெட்டிப் பிளந்து, புனல்போல் நடுவிற் சரிந்த சூளையில் அடுக்கி, புற்றரையால் மூடி, உள்ளே சுவாலையின்றிப் புகைய விடுவர். நாட்கள் பல கனன்றபின் அடிக்குழாய் வழியே தார் ஒழுகும். ஸ்டொக்கோம் நகர் வழியே ஏற்றுமதியானமையால் ஸ்டொக்கோம் தார் எனப் பெயர்பெற்றது. பிரித்தானியாவின் கடற்படை முழுவதும் இதனையே நம்பியிருந்தது. 1648ஆம் ஆண்டிலே சுவீடன் அரசு இவ்வணிகத்தை ஒரு கும்பனியின் தனியுரிமையாக்கிற்று. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே, வடநாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தபோது, தன் கப்பலிலே தன் விலைக்கே தாரை விற்பதென்று அக்கும்பனி ஒற்றைக்காலில் நின்றது. ஆங்கிலேயப் பாராளுமன்றம் இதற்கு விடையாக 1705ஆம் ஆண்டு முதல் அமெரிக்கக் குடியேற்றங்களிலிருந்து வரும் தாருக்கும் கீலுக்கும் தொன் ஒன்றுக்கு 4 பவுண் ஊக்கக்கொடை வழங்கச் சட்டமியற்றியது. வட கரோலினா தார்நாடாயிற்று. அந்நாட்டு மக்கள் இன்றும் தார்க்குதிகாலர் என்னும் பட்டப்பெயருடன் விளங்குகின்றனர்.

ஆயினும் அமெரிக்கத் தாரைப்பற்றி முறைப்பாடு எழுந்தது. அங்கே விழுந்து காய்ந்து கிடந்த மரத்தை விரைவாக எரித்துத் தார் வடித்தனர். அது கயிற்றை எரித்துப் பாழாக்கிற்றென்று மாலுமிகள் குறைகூறினர். ஈற்றிலே 1729ஆம் ஆண்டுச் சட்டம், பசுமரத்தைப் பட்டையுரித்துச் சுவீடன் முறையிலே செய்த தாருக்கே முழுக்கொடை என வரையறுத்தது. பொருள் ஒன்றேயாயினும் செய்முறையிலே பொறுமை குறைந்தால் பூச்சே பகையாகும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

சுவீடனிலே ஏழைகளின் பூச்சொன்று உண்டு. அதனைக் கூறாது விடல் தகாது. பாலூன் என்னுமிடத்துச் செப்புச்சுரங்கத்தின் கழிவுக்குவையிலே இரும்புத்துரு நிறைந்த செம்மண் கிடந்தது. இதனை நீரிலே இறை என்னும் தானியத்தின் மாவுடன் கொதிக்கவைத்துச் சிறிது ஆளிவிதை எண்ணெயும் கூட்டினாற் செந்நிறப் பூச்சாகும். 16ஆம் நூற்றாண்டிலே அரசமாளிகைகளின் கூரைக்கு இது பயன்பட்டது. பின்னர் குடியானவரின் வீடுகள் அனைத்தையும் சிவப்பாக்கியது. இப்பூச்சு மரத்தின்மீது இறுகிய தோலாகப் படிவதில்லை. உள்ளே புகுந்த ஈரம் தடையின்றி வெளியேறும். உரிவதில்லை, பழையதாகும்போது பொடியாகி உதிரும். உதிர்ந்ததைத் துலக்கி மீண்டும் பூசினாற் போதும். சுரங்கம் 1992இல் மூடப்பட்டதாயினும் அதன் கழிவுக்குவையிலிருந்து அந்நிறம் இன்றும் எடுக்கப்படுகின்றது.

மேற்பூச்சின்மீது ஐரோப்பியர் வைத்திருந்த நம்பிக்கை 18ஆம் நூற்றாண்டிலே தளர்ந்தது. 1731ஆம் ஆண்டளவில் ஒல்லாந்தர் தம் கடலணைகளைத் தாங்கிய மரக்கட்டைகளைக் கப்பற்புழு துளைத்துச் சல்லடையாக்கியிருப்பதைக் கண்டனர். நாடே கடலில் அமிழுமோ என்ற அச்சம் பரவ, பெருஞ்செலவிலே கல் இறக்குமதி செய்து அணைகளை மாற்றியமைத்தனர். பிரித்தானியர் 1761இல் 'அலாம்' என்னும் போர்க்கப்பலின் அடிப்புறத்தைச் செப்புத் தகட்டாற் போர்த்தனர். புழு விலகியது, ஆனால் செம்பும் உப்புநீரும் சேர்ந்து இரும்பாணிகளை அரித்துவிட்டன. பின்னர் அவர்கள் ஆணிகளையும் செம்புக்கலவையாக்கினர்.

19ஆம் நூற்றாண்டு நஞ்சின் காலம். மரத்தை மூடுவதினும் மரத்தையே உண்ணத்தகாததாக்குவது மேலென்று கருதினர். 1832இலே கையன் என்பவர் மரத்தை இரசக்குளோரைட்டுக் கரைசலில் ஊறவைக்கும் முறைக்கு உரிமம் பெற்றார். சித்தமருத்துவர் வீரம் என வழங்கும் கொடிய பாடாணமே அது. மைக்கேல் பரடே போன்ற பேரறிஞர் 1833இல் இதுபற்றி விரிவுரை நிகழ்த்தினர். 1838இலே பெதெல் என்பவர், இரும்புக்கலத்திலே மரத்தை அடைத்துக் காற்றை நீக்கி, நிலக்கரித்தாரிலிருந்து வடித்த கிரியோசோற்று எண்ணெயை அமுக்கத்தோடு செலுத்தும் முறையை வகுத்தார். இருப்புப்பாதைகளின் சிலிப்பர்க்கட்டைகள் உலகெங்கும் கருநிறமும் கடுநாற்றமும் பெற்றது இதனாலேயே. அதே ஆண்டிற் பர்னெற் என்பவர் நாகக்குளோரைட்டைப் பயன்படுத்தினார். இம்முறைகளுக்குக் கையனாக்கம், பெதெலாக்கம், பர்னெற்றாக்கம் என்று அவரவர் பெயரே வினையாக வழங்கலாயிற்று.

இவற்றிலே ஒரு சிக்கல் இருந்தது. கிரியோசோற்று நீரிற் கரையாது. ஆனால் தொட்டால் ஒட்டும், நாறும், மேலே நிறம் பூச இடந்தராது. உப்புக்கள் தூய்மையானவை, ஆனால் மழை அவற்றைக் கரைத்துச் சென்றுவிடும். பருவமழை பெய்யும் நாடுகளிலே இச்சிக்கல் மிகப் பெரிது. இதனை அவிழ்த்தவர் இலண்டனிலோ பேர்லினிலோ இருந்தவரல்லர். இமயத்தின் அடிவாரத்திலுள்ள தேராதூன் நகரத்து வன ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய சொந்தி கமேசன் என்னும் இந்தியர். 1933ஆம் ஆண்டிலே அவர் மயில்துத்தம், ஆசனிக்கு அமிலம், இருகுரோமேற்று ஆகிய மூன்றையும் கூட்டிய கரைசலைக் கண்டறிந்தார். மரத்தினுள் அமுக்கத்தாற் புகுந்தபின் குரோமியம் மரப்பொருளோடு தாக்கமுற்று உருமாறி, செம்பையும் ஆசனிக்கையும் கரையாத சேர்க்கைகளாக நாரோடு நாராகப் பிணைத்துவிடும். செம்பு பங்கசைக் கொல்லும். ஆசனிக்கு செல்லை விரட்டும். செம்புக்கு அஞ்சாத சிலவகைப் பங்கசையும் அதுவே அடக்கும். உட்செல்லும்போது கரைவது, உட்சென்றபின் கரையாதது. இத்தகைய எளிமையுடைய கண்டுபிடிப்புக்கள் அரியவை.

அது 'ஆஸ்கூ' என்னும் பெயருடன் வணிகத்துக்கு வந்தது. ஆசனிக்கு, செம்பு ஆகிய இரண்டின் இரசாயனக் குறியீடுகள் சேர்ந்த பெயர் அது. 1938இல் அமெரிக்க உரிமமும் கிடைத்தது. தொலைபேசிக் கம்பங்களும் மின்கம்பங்களும் பச்சைச் சாயலுடன் நின்றன. உலகப்போருக்குப்பின் மரக்காப்பு வகைகளுள் இதுவே பெரும்பங்கினதாயிற்று. எனினும் கையனுக்கும் பெதெலுக்கும் கிடைத்த பேறு கமேசனுக்குக் கிடைக்கவில்லை. அவர் கண்ட பொருளை உலகம் சி.சி.ஏ. என்னும் மூன்றெழுத்தாலேயே அறியும். எமது பாடநூல்களிலும் அவர் பெயரில்லை. ஐரோப்பியர் மறந்ததற்கு வருந்துவதினும் நாம் மறந்ததற்கே வருந்தல் தகும்.

இனி, கப்பலிலிருந்து நிலத்துக்கு இறங்கிய ஒரு பொருளைப்பற்றிச் சொல்லவேண்டும். மேலைநாட்டார் வீட்டின் புறத்தே, தோட்டத்தை நோக்கி, பலகையிட்டு அமைக்கும் திறந்த தளத்தை 'டெக்' என்பர். மூடுவது எனப் பொருள்படும் பழைய ஒல்லாந்தச் சொல் கப்பலின் மேற்றளத்தைக் குறித்துப் பின் வீட்டுக்கு வந்தது. கலிபோர்ணியாவிலே தோட்டக்கலைஞர் தாமசு சேர்ச் இத்தகைய தளங்களைப் பெருவழக்காக்கினார். அவர் 1948இல் அமைத்த டொனெல் தோட்டத்தின் தளத்திலே ஓக் மரங்கள் பலகையினூடே எழுந்து நிற்கும். தொடக்கத்திலே இத்தளங்களுக்கு ரெட்வூட் மரத்தின் வைரமே பயன்பட்டது. வைரம் அரிதாகி விலையேற, தென்மாநிலப் பைன் அவ்விடத்துக்கு வந்தது. அதில் வெண்மரமே மிகுதி. வெண்மரத்திலோ மருந்து எளிதிற் புகும். ஆகவே கமேசனின் உப்பேற்றிய பைன் 1970கள் முதல் அமெரிக்கரின் முற்றங்களை நிறைத்தது.

கம்பத்தை யாரும் நாள்தோறும் தொடுவதில்லை. சிலிப்பர்க்கட்டையிலே குழந்தை தவழ்வதில்லை. முற்றத்துத் தளத்திலும் விளையாட்டுத் திடலிலும் இரண்டும் நிகழும். பிணைப்பு வலிதாயினும் முற்றானதன்று. சிறிதளவு ஆசனிக்கு மேற்பரப்பிலே கையிற் படும் நிலையில் இருக்கின்றதென ஆய்வுகள் காட்டின. 2002ஆம் ஆண்டு பெப்ருவரியிலே ஐக்கிய அமெரிக்காவின் சூழற் பாதுகாப்பு நிறுவனம், வீட்டுப் பாவனைக்கு இம்மருந்தைக் கைவிட உற்பத்தியாளர் இசைந்துள்ளனர் என அறிவித்தது. 2003 திசெம்பர் 31இன் பின் வீட்டுமரங்களுக்கு இது ஏற்றப்படவில்லை. ஐரோப்பிய ஒன்றியமும் 2003இற் பிறப்பித்த ஆணையால் இதனைக் கட்டுப்படுத்திற்று. இதனைக் கமேசனின் குறையென்று சொல்வார் உளர். அது நேரிய தீர்ப்பன்று. கம்பத்துக்குப் பொருந்தியதைக் காலடிக்குக் கொண்டுவந்தபோது, கம்பத்திற் கேட்காத வினா ஒன்றைக் காலடியிற் கேட்டிருக்கவேண்டும். முப்பதாண்டுகளாக அதனை உரக்கக் கேட்டார் சிலரே.

முன்னரே அமைந்த தளங்களை இடித்தகற்றும்படி அரசு கூறவில்லை. பூச்சொன்றைக் காலந்தவறாது பூசிவருமாறே கூறிற்று. இங்ஙனம் நஞ்சின் காலம் முடியுமிடத்தில் மீண்டும் பழைய பூச்சு வந்து நிற்கின்றது. எப்பூச்சு என்பதே வினா. மரத்தின்மேற் படலமாகப் படிவன ஒருவகை. வார்னிசும் தடித்த நிறப்பூச்சும் அவ்வகையின. மரத்துள் ஊறுவன மற்றொருவகை. எண்ணெய்களும் மென்னிறமூட்டிய ஊறுபூச்சுக்களும் இவ்வகையின. செங்குத்தான சுவரிலே படலம் பலவாண்டு நிற்கும். கிடையான தளத்திலோ மழைநீர் தங்கும், கால்கள் தேய்க்கும், பலகை வீங்கிச் சுருங்கும். படலம் மயிரிழை வெடித்தாற் போதும். அவ்வழியே புகுந்த நீர் வெளியேற வழியின்றிப் படலத்தின் அடியிலேயே தங்கி மரத்தை உளுக்கச்செய்யும். பளபளக்கும் தோலின் கீழே மரம் சாகின்றது. ஆசனிக்கேற்றிய மரமாயின் உரியும் செதிளோடு நஞ்சும் வரும். ஊறுபூச்சு ஓரிரு ஆண்டில் மங்கும், ஆனால் உரியாது. எனவே தளத்துக்கு ஊறுபூச்சே ஏற்றது என்பது என் துணிபு. அச்சூழல் நிறுவனத்தின் அறிவுரையும் இதற்கு இயைந்தது.

நிறமற்ற எண்ணெய் வெயிலைத் தடுக்காது. நிறமணிகளே ஊதாக்கடந்த கதிரை மறிப்பன. பாலூன் குடியானவன் செம்மண்ணைச் சேர்த்ததன் உட்பொருளும் இதுவே. விசுகொன்சின் மாநிலத்து மடிசன் நகரிலே 1910இல் நிறுவப்பட்ட வனப்பொருள் ஆய்வகம், 1950களில் ஆளிவிதை எண்ணெயையும் மெழுகையும் நிறமணியையும் கூட்டி ஓர் ஊறுபூச்சை வகுத்து மடிசன் முறையென வெளியிட்டது. அதிற் சேர்த்திருந்த பங்கசுக்கொல்லி பின்னர் தீங்கானதெனக் கைவிடப்பட்டதாயினும் அடிப்படை மாறவில்லை.

பூசும் முறையிலே பிழைவிடுவோர் பெரும்பாலும் அவசரத்தாலேயே பிழைவிடுகின்றனர். அமுக்கத்தால் மருந்தேற்றிய புதிய பலகை நீரால் நிறைந்திருக்கும். அதில் எண்ணெய் ஊறாது. பலகையின்மீது சிறிது நீரைத் தெளித்துப் பார்க்கவேண்டும். துளியாகத் திரண்டு நின்றால் காலம் வரவில்லை; உறிஞ்சப்பட்டாற் பூசலாம். ஆனால் மாதக்கணக்கில் வெயிலில் விட்டுவைத்தலும் தவறே. சில வாரங்களிலேயே மேற்பரப்பு சிதைந்து, அதன்மேற் பூசும் நிறம் பற்றாதென மடிசன் ஆய்வுகள் காட்டியுள்ளன. சாம்பனிறமடைந்த பழைய பலகையாயின் அதனைத் துலக்கி உலர்த்தியபின்னரே பூசவேண்டும். உச்சிவெயிலிற் பூசினால் எண்ணெய் ஊறுமுன் காயும். நிழல் விழுந்த வேளையே ஏற்றது. நாரோட்டத்தின் வழியே, ஒரு பலகையைத் தொடங்கினால் அதன் முடிவுவரை, மெல்லிதாகப் பூசி, ஊறாது நின்றதைத் துணியால் ஒற்றி எடுத்தல்வேண்டும். பலகையின் வெட்டுமுகங்களே நீர் குடிக்கும் வாய்கள். ஆதலின் அவற்றுக்கு இரட்டிப்பாகப் பூசுதல் நன்று. எண்ணெய் துடைத்த துணியைக் குவித்து வைத்தலாகாது. ஆளிவிதை எண்ணெய் காற்றோடு சேரும்போது வெப்பம் பிறக்கும்; குவிந்த துணி தானாகவே தீப்பற்றும். நீரிலிட்டோ விரித்துலர்த்தியோ அகற்றவேண்டும். ஆசனிக்கேற்றிய பழம்பலகையை அடுப்பெரிக்கலாகாதென்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. அதன் சாம்பலிலும் நஞ்சு எஞ்சும்.

ஆசனிக்கு நீங்கியபின் வந்த புதிய மருந்துகள் செம்பையே மிகுதியாகக் கொண்டவை. அவை வந்த சில ஆண்டுகளுக்குள், தளங்களைப் பிணைத்த சாதாரண இரும்பாணிகள் விரைந்து துருப்பிடிப்பதைத் தச்சர் கண்டனர். துருவேறா எஃகு அல்லது உருகிய நாகத்தில் தோய்த்த ஆணியே பாவித்தல்வேண்டுமென விதி வந்தது. 1761இல் அலாம் கப்பலின் ஆணிகளை அரித்த அதே செம்பு, அதே மின்தாக்கம். நோர்வேயிலோ 2001 முதல் 2015 வரை அரசு 28 மரவாலயங்களையும் செப்பனிட்டது. பழுதுற்ற பலகைகளுக்கு ஈடாக மரம் தேர்ந்தபோது வைரமிகுந்த பைனைத் தேடினர். பூசுவதற்குச் சூளையில் வடித்த தாரையே கொண்டனர். தென்புறச் சுவர்களுக்கு முறை முன்னதாக வரும், வடபுறம் காத்திருக்கும்.